ஐம்பத்து நான்கு டிகிரி

தேர்வுத் தாளில் விடையைச் சுற்றிக் கட்டம் போட்ட பிறகுதான் மேடத்தின் பேனா அப்படியே நின்றது.

கட்டத்துக்குள் 327 டிகிரி என்று இருந்தது. சரியான விடை. அதுதான் சிக்கலே.

மேடம் என்றால் டீச்சர் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவிதான். இயற்பியல் சொல்லிக் கொடுக்கிற தோரணையைப் பார்த்துத் தோழிகள் மூவரும் வைத்த பட்டம் அது. அவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவள் மரியாதையாக எடுத்துக்கொண்டாள்.

பள்ளி விட்டதும் ஆய்வுக்கூடத்தை ஒட்டிய காலி அறையில் நால்வரும் கூடுவார்கள். இயற்பியல் மேடத்தின் பங்கு. வேதியியல் கண்ணாடியின் பங்கு. சமன்பாடெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ரெட்டைச்சடை படம் வரைந்து பாகம் குறித்துக் கொடுப்பாள். நடையால் பெயர் வாங்கிய வாத்துக்கு எதுவும் ஏறாது என்பது மேடத்தின் முடிவு. அதனால் பலகையை அழிப்பது வாத்தின் பங்கு.

மேடம் நடத்தும்போது யாரும் குறுக்கே பேசக்கூடாது. ஒருமுறை கண்ணாடி மட்டும், அந்த இடத்தில் மைனஸ் வரவேண்டுமே என்று கேட்டுவிட்டாள். மைனஸ்தான் வரவேண்டும். சாக்பீஸை விட்டெறிந்துவிட்டுப் போன மேடம் ஒரு வாரம் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முந்தாநாள் இதே கணக்கைத்தான் நடத்தினாள். மூடிய கலனில் இருபத்தேழு டிகிரியில் வாயு இருக்கிறது. அழுத்தம் இருமடங்கானால் வெப்பநிலை என்ன?

"அழுத்தம் ரெண்டு மடங்குன்னா வெப்பமும் ரெண்டு மடங்கு. அம்பத்தி நாலு. இதுக்கெல்லாம் மண்டையப் போட்டுக் குழப்பிக்காதீங்கடி."

மூவரும் தலையாட்டினார்கள். வாத்து என்னவோ கேட்க வாயெடுத்தவள், மூக்கைச் சொறிந்துகொண்டாள்.

இருமடங்காக்கும் முன், கெல்வின் அளவுக்கு மாற்ற 273 கூட்ட வேண்டும். விடை வந்ததும் அதைக் கழிக்க வேண்டும். இன்று கை தானாகக் கூட்டிக் கழித்தபோதுதான், அன்று கூட்டாமல் விட்டது உறைத்தது.

அவள் முதல் பெஞ்சு. அவளுக்குப் பின்னால் வரிசையாகக் கண்ணாடி, ரெட்டைச்சடை, வாத்து. மூன்று பேனாக்களும் ஓடுகிற சத்தம் முதுகில் கேட்டது. மூன்றும் ஐம்பத்து நான்கை எழுதிக்கொண்டிருக்கின்றன என்று நினைத்தபோது காது அடைத்துக்கொண்டது.

திரும்பிச் சொல்லவும் வழியில்லை. இயற்பியல் டீச்சர் அவள் மேசையிலேயே கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். தலை திரும்பினால் தாளைப் பிடுங்கிவிடுவார்.

பத்து மதிப்பெண் கணக்கு. இந்தத் தேர்வில் தேறாதவர்களை அறிவியல் பிரிவில் வைத்திருக்க மாட்டார்கள். வாத்தின் அப்பா, படித்தது போதும் என்று சொல்லச் சாக்குத் தேடிக்கொண்டிருக்கிற மனிதர். பாவம் வாத்து, அவளுக்கு ஒரு மதிப்பெண்ணே பெரிய விஷயம்.

நாளை தாள் கையில் வரும்போது மூன்று பேருக்கும் தப்பு, சொல்லிக் கொடுத்தவளுக்கு மட்டும் சரி. மறந்துபோய்த் தப்பாக நடத்தினேன் என்றால் எந்த மடைச்சி நம்புவாள்? தெரிந்தே தப்பாகச் சொல்லிக் கொடுத்தவள் என்று வகுப்பில் பேர் வாங்கிய ஒருத்தி ஏற்கெனவே இருந்தாள். அவள் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிடுவாள்.

மேடத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பயமா, பாசமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

அவள் 327ஐ அடித்தாள். அதன் கீழே 54 என்று எழுதினாள். அதற்கும் ஒரு கட்டம் போட்டாள்.

மணி அடித்தது.

தாள்களைப் பின்னாலிருந்து முன்னால் அனுப்பச் சொன்னார் டீச்சர். கடைசிப் பக்கம் மேலே இருக்கும்படி கவிழ்ந்து வந்தது கட்டு. தன் தாளைச் சேர்க்கப் போனவளின் கண் மேலே இருந்த கட்டத்தில் விழுந்தது.

கண்ணாடி: 327.

விரல் தானாக அடுத்த தாளின் ஓரத்தைத் தூக்கியது. ரெட்டைச்சடையும் 327.

வாத்து 273ஐத் தனி வரியில் எழுதி, ஏன் கூட்ட வேண்டும் என்று ஒரு வாக்கியத்தில் விளக்கமே கொடுத்திருந்தாள். மற்ற இரண்டு தாள்களிலும் அதே வாக்கியம் இருந்தது, ஒரு சொல் மாறாமல்.

டீச்சர் கட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வெளியே வந்ததும் வாத்து ஓடி வந்து கையைக் கோர்த்துக்கொண்டாள். "கடைசிக் கணக்கு நீ சொன்ன மாதிரியேதான் மேடம் போட்டேன்!"

அந்த முகத்தில் துளி விஷமம் இல்லை. மற்ற இருவரும் வேகமாகத் தலையாட்டினார்கள், முந்தாநாள் ஆட்டியது போலவே.

தாளைப் பார்த்துவிட்டேன் என்று மேடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், அடித்துவிட்டு எழுதியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வழக்கம்போல நால்வரும் காலி அறைக்குப் போனார்கள். மேடம் சாக்பீஸை எடுத்து அடுத்த பாடத்தை நடத்தினாள். யாரும் குறுக்கே பேசவில்லை. அவளாகவே இரண்டு முறை நிறுத்தி மூன்று முகங்களையும் பார்த்தாள். கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முடிந்ததும் தினமும் சொல்வதையே வாத்து சொன்னாள். "நீ கிளம்பு மேடம், நாங்க பலகைய அழிச்சிட்டு வர்றோம்."

மேடம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

சின்னப் பலகைதான். ஒரு ஆள் ஒரு இழுப்பு இழுத்தால் அழிந்துவிடும்.

மூன்று பேரும் அவள் போவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். வாத்தின் கையில் சாக்பீஸ் இருந்தது.