குணபூசணி வரைந்த படம்

பின்னறைக் கதவைச் சாத்தும்போது அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தங்கரத்தினத்துக்கு வயது முப்பத்தொன்று. நடை இல்லை, பேச்சு இல்லை, கைகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. காது மட்டும் பாம்புச் செவி.

பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டின் கூடத்தில், தங்கை குணபூசணியைப் பெண் பார்க்கக் கிள்ளானிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை ஷா ஆலத்தில் எஞ்சினியர். இதற்கு முன் வந்த இரண்டு இடமும், பின்னறையில் ஒருத்தி இருப்பது தெரிந்ததும் பதிலே சொல்லாமல் நழுவியவை. அதனால் இந்த முறை தங்கரத்தினம் என்று ஒருத்தி பிறக்கவே இல்லை.

அவள் வரைந்த படம் மட்டும் கூடத்துச் சுவரில் தொங்கியது.

புதன்கிழமைதோறும் சர்ச் மண்டபத்தில் அவளைப் போன்றவர்களுக்கு ஓவிய வகுப்பு. அங்கே ஒரு சீன டீச்சர் அவள் நெற்றியில் பட்டை கட்டி, அதில் தூரிகையைச் செருகிவிட்டாள். தலையை ஆட்டி ஆட்டி ஏழு மாதம் வரைந்தாள். ரயில்வே குவார்ட்டர்ஸ் கொடியில் காயும் சாரோங் கைலிகள், வேறொன்றுமில்லை. எண்பத்து நான்காம் ஆண்டுக் கண்காட்சியில் வைத்தபோது, கீழே அவள் பெயரைத் தட்டச்சு செய்து ஒட்டியிருந்தார்கள்.

அந்தச் சீட்டை நேற்றுத்தான் அப்பா உரித்தெடுத்தார்.

"ஆர் கீறினது? நல்ல வடிவாயிருக்கு." மாப்பிள்ளையின் தாய் பூரணம் படத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"எல்லாம் எங்கட குணபூசணிதான்" என்றார் அப்பா, கொஞ்சமும் கூசாமல்.

தங்கரத்தினத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கைக்குக் கல்யாணம் ஆகட்டும், நன்றாக ஆகட்டும். நகை, வீடு, என்ன இருக்கிறதோ அத்தனையும் அவளே எடுத்துக்கொள்ளட்டும். அந்தப் படத்தை மட்டும் விட முடியாது.

பல்லைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.



"பக்கத்து வீட்டுப் பிள்ளை. சுகமில்லாதது" என்றார் அப்பா.

தொலைந்தது காரியம் என்று நினைத்தாள். உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. தங்கையை நினைத்ததும் அழுகையும் வந்தது.

பூரணம் கை கழுவ வேண்டும் என்று எழுந்து வந்தாள். துவாய் எடுக்க அம்மா அலமாரிக்கு ஓடிய நேரம் பார்த்து, பின்னறைக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தாள்.

அலறவில்லை. மூக்கைச் சுளிக்கவுமில்லை. முந்தானையால் தங்கரத்தினத்தின் வாயோரத்து எச்சிலைத் துடைத்தாள். துடைக்கும் முன், கழுத்துக்குப் பின்னால் ஒரு கையை அணைவாகக் கொடுத்தாள். அம்மாவுக்கு அது பழகவே ஐந்து வருடம் பிடித்தது.

பிறகு நெற்றியில் பட்டை அழுத்திய தடத்தையும், அதன் ஓரத்தில் காய்ந்திருந்த வண்ணத்தையும் தொட்டாள்.

"நீதானே கீறினது?"

தங்கரத்தினம் கண்களை இறுக மூடித் திறந்தாள். ஆமாம் என்பதற்கு அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். அது வரும்வரை பூரணம் அவசரப்படாமல் காத்திருந்தாள்.

தெரிந்துவிட்டது. ஒருத்திக்காவது தெரிந்துவிட்டது! இனி இவள் கூடத்துக்குப் போய் நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவாள்.

பூரணம் குனிந்து அவள் தலையைத் தடவினாள். காதோடு காதாகச் சொன்னாள்.

"கலியாணம் முடியுமட்டும் சத்தம் போடாதை, பிள்ளை. என்ர மூத்தவனும் உன்னைப் போலத்தான். அவனுக்கும் இதைத்தான் சொல்லி, அறையைப் பூட்டிப்போட்டு வந்தனான்."