தானா அணைஞ்சிடும்

"சார், வண்டி லைட்டு எரியுது."

டீக்கடை ஜெயக்கொடி சொன்ன இந்த நாலு வார்த்தையைக் கேட்டதும் ஜெகதீசனுக்குச் சுள்ளென்று ஏறியது. கார் வாங்கிப் பூசை போட்ட சந்தனம்கூட இன்னும் உதிரவில்லை. அதற்குள் பார்க்கிறவர்கள் எல்லாம் அவனிடம் இதையே சொல்லிவிட்டார்கள்.

"தெரியும்ணா. தானா அணைஞ்சிடும்," என்றான்.

"தானாவா? லைட்டு எங்கனா தானா அணையுமா சார்?"

"இந்த வண்டியில அணையும். நிறுத்திப் பூட்டினப்புறம் கொஞ்ச நேரம் எரியும். நாம வூட்டுக்குள்ள போறதுக்கு வெளிச்சம் காட்டிட்டு, அதுவே அணைஞ்சிடும்."

ஜெயக்கொடி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பேட்டரி பூடும் சார். அப்பால தள்ளிகினுதான் போவணும்," என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றத் தொடங்கினார்.

ஜெகதீசன் பல்லைக் கடித்துக்கொண்டான். மணலி புதுநகரில் அவன் தெருவே இப்படித்தான். சோற்றில் கை வைத்தால் யாராவது கதவைத் தட்டுவார்கள். எழுந்து வந்து பார்த்தால் விளக்கு அணைந்திருக்கும். தட்டியவர், "இப்பதான் எரிஞ்சிகினு இருந்துச்சு" என்று சத்தியம் செய்வார்.

போன ஞாயிற்றுக்கிழமை டோல்கேட் பக்கம் ஒரு கல்யாணம். மேடை ஏறிப் பரிசைக் கொடுத்துவிட்டு போட்டோவுக்கு நின்றான். அந்த நேரம் பார்த்து மைக்கில் அவன் கார் நம்பரைச் சொல்லி, "லைட் எரிகிறது, உரிமையாளர் உடனே வரவும்" என்று கத்தினார்கள். மனைவி சௌமியா முழங்கையால் இடித்த இடியில் ஓடினான். அவன் போய்ச் சேர்வதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. திரும்பி வந்தால், அவன் இல்லாமலே போட்டோ எடுத்து முடித்திருந்தார்கள்.

இன்றைக்கு மாமனார். வேலை முடிந்து எண்ணூர் விரைவுச் சாலையில் வந்துகொண்டிருந்தபோது அவரிடமிருந்து செல்போனில் அழைப்பு வந்தது. கடல் அரிக்காமல் இருக்கக் கரை நெடுகக் கொட்டியிருந்த பாறாங்கற்களுக்கு நடுவே கொஞ்சம் சந்து தெரிந்த இடமாகப் பார்த்து, வண்டியின் முகப்பு கடலைப் பார்க்க நிறுத்தினான். ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டு, விளக்கையும் எரியவிட்டு, அரை மணி நேரம் பேசினான்.

பேசியது அவர்தான். "மாப்ள, அந்த லைட்டு சமாச்சாரத்த ஷோரூம்ல காட்டிட்டீங்களா?" என்பதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். போனை வைத்தபோது தலை விண்விண்ணென்று வலித்தது. ஒரு டீ குடித்தால் தேவலை என்று காரைப் பூட்டிவிட்டு எதிர்க் கடைக்கு வந்தால், இங்கேயும் அதே பாட்டு.

நன்றாக இருட்டிவிட்டது. சாயங்காலத்திலிருந்து கரண்ட் இல்லையாம்; கடையில் ஒரு மெழுகுவத்திதான் எரிந்தது. மணலில் பெண்கள் கும்பலாக நின்றிருந்தார்கள்.

"அங்க இன்னாணா கூட்டம்?"

"காலைல கடலுக்குப் போன போட்டு ஒண்ணு இன்னும் வரல சார். மூணு பேரு போயிருக்காங்க. காத்து வேற ஒரு மாதிரி கீது."

ஜெகதீசனுக்குப் பாவமாக இருந்தது. கடலில் மாட்டிக்கொண்டு என்ன பாடு படுகிறார்களோ என்று நினைத்தபடி டீ கிளாஸை வாங்கினான். ஒரு வாய் குடிப்பதற்குள், அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பெண் மணலில் கால் புதைய ஓடி வந்து ரோட்டைத் தாண்டி அவன் முன்னால் நின்றாள்.

"நைனா, அந்தக் காரு உன்துதான? லைட்டு..." அதற்கு மேல் பேச முடியாமல் மூச்சு வாங்கியது.

இதைச் சொல்லவா இத்தனை ஓட்டம் என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆள் கடலில் மாட்டிக்கொண்டிருக்கும்போதுகூட இவர்களுக்கு அடுத்தவன் வண்டி விளக்கு கண்ணை உறுத்துகிறதே.

"எரியுது. தெரியும். தானா அணைஞ்சிடும்."

"அணைஞ்சிடுமா?"

அதே கேள்வி, அதே திறந்த வாய். "ஏன், ஒனக்கும் சந்தேகமா?"

"சாவியக் குடு நைனா. சீக்கிரம் சாவியக் குடு." அவன் கையைப் பிடித்தாள்.

"சாவி எதுக்கு? நீ ஒண்ணும் அணைக்க வேணாம். கைய எடும்மா."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் விடவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது.

"யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. எல்லாரும் சொல்லிட்டீங்க. ஒருத்தனாவது நின்னு பாத்தீங்களா? இன்னைக்கு நீ நின்னு பாரு. அண்ணா, நீங்களும் பாருங்க." சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கையிலிருந்த கிளாஸால் காரைச் சுட்டிக் காட்டினான்.

சொன்னபடியே விளக்கு அணைந்தது. கரை முழுவதும் இருட்டானது. முதல்முறையாக அடுத்தவர் கண்ணெதிரே அணைந்திருக்கிறது. ஜெகதீசனுக்குத் தலைவலிகூட விட்டதுபோல இருந்தது.

"பாத்தியா? நான் இன்னா சொன்னேன்?"

அவள் காரைப் பார்க்கவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த லைட்டப் பாத்துதான் நைனா எங்காளுங்க கல்லுல மோதாம வந்துகினு இருந்தாங்க."