ஆட்டுக்கு டிக்கெட்

ஞானதிரவியம் தாத்தாவின் முப்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் கூடத்தில், அவரைப் போலவே பேசப் பழக்கியிருந்த கருவியிலிருந்து அவர் குரல் ஒலித்தது. இறந்தவரே வந்தவர்களுக்கு நன்றி சொல்வது இப்போது தூத்துக்குடியில் எல்லா வீட்டிலும் வழக்கம். நன்றி சொன்ன குரல், ஆட்டோடு பஸ்ஸில் ஏறிய மரியான் என்பவனின் வேடிக்கைக் கதையையும் தடங்கலே இல்லாமல் சொல்லி முடித்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. தாத்தாவின் மகன் சவரிராயன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். முப்பது நாளாக அவர் யாரிடமும் பேசவில்லை.

அவர் மகள் ஜெசிந்தா எழுந்தாள்.

"தாத்தா இந்தக் கதைய ஒருநாளும் முடிச்சதே இல்ல. பாதியிலேயே அவருக்குச் சிரிப்பு வந்துரும். நான் சொல்லுதேன், கேளுங்க. கண்டக்டர் கேட்டாராம், 'ஆட்டுக்கு டிக்கெட் எங்கவே?' மரியான் சொன்னானாம், 'அதுகிட்டயே கேளும்.' கண்டக்டரும் குனிஞ்சு ஆட்டுகிட்ட..."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முன்வரிசையில் ஓர் அத்தை கெக்கலித்தாள். பிறகு கூடமே குலுங்கியது. சவரிராயனும் கண்ணீர் வழியச் சிரித்தார்.

கருவி மறுபடி பேசத் தொடங்கியது. சவரிராயன் கையை உயர்த்தினார்.

"அத நிறுத்துங்கப்பா. எங்கப்பா வந்துட்டாரு."