ரெண்டு சிப்பும் ரெண்டு மீசையும்

"தோத்தா மீசைய எடுக்கணும். சம்மதமா மாப்ள?" என்றான் தமிழழகன்.

"யாரு தோத்தாலும்தான மச்சான்?"

"யாரு தோத்தாலும். நாளைக்குத் திருநாவலூர்ல கல்யாணம். மொத்த சொந்தமும் வந்து நிக்கும். அத்தினி பேரு முன்னாடியும் மொழுக்குனு போய் நிக்கணும்."

செழியன் தன் மீசையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான். பெண் பார்க்கப் போன அன்று இசைவாணி தலையாட்டியதே இந்த மீசையைப் பார்த்துத்தான். அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

"எதுக்கு மாமா இந்த வம்பு?" என்றாள் இப்போது, கொஞ்சம் கவலையாகவே.

வம்புக்குக் காரணம் புளியங்கொட்டை அளவில் ஒரு சிப்பு. அதற்கு எட்டுக் கால்.

செழியனுக்கு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் எலக்ட்ரீஷியன் வேலை. கள்ளக்குறிச்சியிலிருந்து தினமும் பஸ். வழியில் பாட்டுக் கேட்பதற்காக, போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவே மாட்டுகிற ஒலியைக் கூட்டித் தருகிற கையடக்க ஆம்ப் ஒன்று வைத்திருந்தான். அதிலுள்ள சிப்பைக் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். சிப்பு மாறினால் பாட்டே மாறும் என்பது அவன் கட்சி. காலையில்தான் கூரியரில் புதுச் சிப்பு வந்தது. மாட்டினான், கேட்டான், கூடத்தில் ஒரு சுற்று ஆடியும் முடித்தான். அந்த நேரம் பார்த்து வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினான் இசைவாணியின் அண்ணன் தமிழழகன்.

"எல்லாம் பிரமை மாப்ள. புதுசா வாங்கினல்ல, அதான் இனிக்குது."

"இசைகிட்ட குடுங்க மச்சான். எது பழசு, எது புதுசுன்னு அவளே சொல்வா."

"இவளா? பேருதான் இசைவாணி. கோயில் ஸ்பீக்கரும் மிக்ஸியும் இவளுக்கு ஒண்ணு!"

"அண்ணே!"

இப்படித்தான் பேச்சு மீசைக்கு வந்து சேர்ந்தது.

செழியன் ஆம்பின் மூடியைத் திறந்தான். "சிப்பு மாத்தறப்ப பேட்டரி இருக்கக் கூடாது. சிப்பு போயிடும். இதக் கொஞ்சம் புடிங்க மச்சான்."

தமிழழகன் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். தோளில் கிடந்த துண்டை உதறி ஆம்பின் மேல் கூடாரம் போட்டான். "இன்னா மாட்டறோம்னு இவளுக்குத் தெரியக் கூடாது. எந்தச் சிப்புன்னு நான்தான் எடுத்துக் குடுப்பேன். நீ வாயத் தொறந்தே, ஆட்டம் காலி."

இசைவாணி ஹெட்போனை மாட்டிக்கொண்டு எதிரே சம்மணம் போட்டாள். துண்டுக்குள் கையை விட்டு முதல் சிப்பைப் பொருத்தினான் செழியன். போனில் பாட்டைத் தட்டிவிட்டான்.

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்தினாள். நெற்றியைச் சுருக்கினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"தெரியலன்னு சொல்லிடு தாயி! பிளேடு எங்க இருக்குது மாப்ள?" என்று சிரித்தான் தமிழழகன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். செழியனையே பார்த்தாள். ஒரு முழங்காலை மெல்ல ஆட்டித் தாளம் போட்டாள்.

"பழசு," என்றாள்.

பழசேதான்.

"குருட்டாம்போக்குல சொல்றா. அடுத்தது."

"புதுசு. ஐய, இது எவ்ளோ நல்லா இருக்குது!"

புதுசேதான். செழியனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டான்.

தமிழழகன் தந்திரத்தில் இறங்கினான். மாட்டியிருந்த புதுச் சிப்பைக் கழற்றச் சொல்லி, அதையே திரும்ப எடுத்துக் கொடுத்தான்.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "மறுபடியும் அதேதான். இன்னா அண்ணே, ஏமாத்தப் பாக்கறியா?"

செழியன் துள்ளி எழுந்தான். மீசை தப்பியதுகூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை. தான் கேட்பதைக் கேட்க இன்னொரு ஜோடிக் காது வீட்டிலேயே இருந்திருக்கிறது! "எப்படி இசை, பாஸ் ஜாஸ்தியா இருந்துச்சா? குரல் முன்னாடி வந்துச்சா?"

"அதெல்லாம் சொல்லத் தெரியல மாமா. தெரிஞ்சுது, அவ்ளோதான்."

தமிழழகன் விடவில்லை. மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசியில் துண்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தவன், நேராகத் தெருமுனை சலூனுக்கு நடந்தான்.

திரும்பி வந்தபோது மேலுதடு மட்டும் உரித்த பனங்கிழங்கு மாதிரி இருந்தது.

"யாருங்க? அண்ணன் வெளிய போயிருக்காரு, அப்புறமா வாங்க," என்றாள் இசைவாணி.

செழியன் சுவரில் சாய்ந்து சிரித்தான். அவளுக்கு விக்கலே எடுத்துவிட்டது.

"சிரிங்க, நல்லா சிரிங்க. நான் கெளம்பறேன். வெள்ளிமலை ஸ்டாண்டுல இனிமே எவன் என் ஜீப்ல ஏறுவான்? மலை ரோட்டுல மீசைய நம்பித்தான ஏறினானுங்க!" ஜீப் சாவிக்காகச் சட்டைப்பையில் கையை விட்டான். சாவியோடு ஒரு சதுரப் பேட்டரியும் வந்தது. "இந்தா மாப்ள, உன் பேட்டரி."

செழியனின் சிரிப்பு பாதியில் நின்றது. துண்டைப் பிடுங்கிப் பார்த்தான். ஆம்பில் விளக்கு எரியவில்லை.

"இசை, அப்ப இவ்ளோ நேரம் இன்னாதான் கேட்டுக்கினு இருந்தே?"

"ஒண்ணும் கேக்கல மாமா," என்றாள் அவள், விக்கலுக்கு நடுவே. "புதுச் சிப்ப மாட்டறப்பல்லாம் உங்க மீசை ரெண்டு பக்கமும் மேல ஏறுச்சு. அதப் பாத்துத்தான் சொன்னேன்."