பன்னிரண்டாம் முறைத் தேர்வு

ஜூன் கடைசித் திங்கட்கிழமை மதியம். ஸ்டோக்ஸ் முடிதிருத்தகத்துக்கு விடுமுறை; உள்ளே நான்கு பேர் மட்டும் இருந்தார்கள். முதல் சுழல் நாற்காலியில் கடைக்காரர் மேர்வின் ஸ்டோக்ஸ். இரண்டாவதில் பஸ் டிரைவர் டேரியஸ். ஜன்னலோர பெஞ்சில், மடியில் கடிதத்தாளோடு கோரின். கதவருகே, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சக்கர நாற்காலியில் ஓடெல் வான்ஸ்.

வியாழக்கிழமை டிராஃப்ட் முடிந்திருந்தது. கூடைப்பந்து அணிகள் முறை வைத்துப் புதுப் பையன்களைப் பொறுக்கும் நாள் அது. ஊர் அணிக்குப் பன்னிரண்டாவது முறை. எடுத்தது கால்டர் என்ற நெட்டையனை. முழங்காலில் ஒரு தடவை அறுவை சிகிச்சை ஆனவன்.

"இது ரீச், தகுதிக்கு மீறி முன்னாடியே எடுத்தது," என்றார் மேர்வின். "முப்பதாவதா கூப்பிட்டிருந்தாலும் ஓடி வந்திருப்பான். அவனைப் போய்ப் பன்னெண்டுலயே அள்ளிட்டாங்க."

"அவன் கை நீளத்தைப் பாத்தீங்களா? நின்ன இடத்துலேர்ந்தே பல்ப் மாத்துவான்," என்றான் டேரியஸ்.

"பல்ப் மாத்தவாடா எடுத்தாங்க?"

இருபத்தொரு வருடமாக இதுதான் வழக்கம். டிராஃப்ட் முடிந்த திங்கட்கிழமை நால்வரும் கூடி, எடுத்தது சரியா தப்பா என்று டீம் ஆபீசுக்குக் கடிதம் எழுதுவார்கள். நான்கு பேரும் ஒரே தீர்ப்புக்கு வந்தால்தான் கையெழுத்து. இல்லாவிட்டால் கடிதம் போகாது.

ஆகஸ்டில் ஹாலரன் என்பவர் பெயரில் பதில் வந்துவிடும். ஒரு பக்கம், டைப் அடித்து, வரிக்கு வரி வாதாடி, கொஞ்சம் கிண்டலும் சேர்த்து இருக்கும். அது வரும் நாளில் கடையைச் சாத்திவிட்டு, மீன் பொரித்து, ஓடெல் வீட்டில் உரக்கப் படிப்பார்கள். இருபத்தொரு பதிலும் கண்ணாடியைச் சுற்றி வரிசையாக ஒட்டியிருந்தன.

இந்த முறை ஆகஸ்டைப் பற்றி டாக்டர் பேச்சே எடுக்கவில்லை. ஜூலை வரைக்கும்தான் ஓடெலிடம் பேசியிருந்தார்.

"சீக்கிரம் பதில் போடச் சொல்லி ஒரு வரி சேத்துக்க, கோரின்," என்றான் டேரியஸ். "போன வருஷம் அந்த ஆளு அக்டோபர் ஆக்கிட்டாரு."

"அதுவும் நல்லதாப் போச்சு. ஆகஸ்ட், செப்டம்பர் பூரா ஓடெல் ஆஸ்பத்திரியில இல்ல கிடந்தான்?" என்றார் மேர்வின். "சரி, மணி மூணரை. நாலு மணிக்குத் தபால் வண்டி வந்துடும். நான் ரீச். நீ?"

"நான் இல்லை," என்றான் டேரியஸ்.

"எனக்கும் அந்தப் பையனைப் பிடிச்சிருக்கு," என்றார் கோரின்.

மூன்று பேரும் ஓடெலைப் பார்த்தார்கள். அணி எந்த மண்ணாங்கட்டியை எடுத்தாலும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறவர் அவர். மேர்வின் பெருமூச்சு விட்டார், தோற்கத் தயாராகிவிட்டார்.

"ரீச்தான்," என்றார் ஓடெல்.

"என்ன பெரிசு, மருந்து மாத்திக் குடுத்துட்டாங்களா?" என்றான் டேரியஸ்.

"எழுது கோரின். பன்னெண்டுல எடுத்தது ரீச். அந்த முழங்கால் எத்தனை மேட்ச் தாங்கும்? அலபாமாவுல நடுவுல ஆடற அந்த சென்டர் பையனை ஏன் எடுக்காம விட்டீங்க? இந்த ரெண்டு கேள்வி போதும். வேற எதுவும் வேண்டாம்."

"இருபத்தொரு வருஷமா எங்களை மடக்கி மடக்கி டீம் பக்கம் இழுத்துட்டு, இன்னிக்குப் பல்டி அடிக்கறீங்களே! நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றான் டேரியஸ்.

ஓடெல் பதில் சொல்ல வாயெடுத்தார், இருமல் வந்துவிட்டது. கோரின் எழுந்து போய்ப் போர்வையை இழுத்து விட்டார்.

"சண்டை போட மூச்சு இல்லைடா, டேரியஸ்," என்றார் ஓடெல். "இந்த ஒரு தடவை எனக்காக விட்டுக்குடு."

டேரியஸ் தரையைப் பார்த்தான். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். மேர்வினும் கோரினும் போட்டார்கள்.

"அந்தச் சீக்கிரம் வரியை அடிச்சிடு," என்றார் ஓடெல்.

"உனக்காகத்தானே எழுதினோம்!" என்றார் மேர்வின். "நீ அதைக் கேட்டுட்டுப் போகணும்னுதான்…"

"பாவம், அந்த மனுஷனை அவசரப்படுத்தாதீங்க. அடிச்சிடு."

கோரின் அடித்தார். கடைசியாக ஓடெல் கையெழுத்திட்டார். முதல் எழுத்துக்கே பேனா இரண்டு முறை வழுக்கியது.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கோரின் அவரைத் தள்ளிக்கொண்டு தெருமுனைத் தபால்பெட்டிக்குப் போனார். நானே பக்கத்தில் இருந்து பார்க்கணும் என்று ஓடெல் பிடிவாதம் பிடித்தார். மற்ற இருவரும் கடை வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

உறையின் பசையை நாக்கில் தடவி, விரலால் அழுத்தி ஒட்டி, பெட்டிக்குள் போட்டார் கோரின். இரும்பு மூடி டங்கென்று விழுந்தது.

"வாசல்ல நிக்கறவங்க பாக்கறாங்களா?" என்று கேட்டார் ஓடெல்.

"இல்லை. உள்ளே போயிட்டாங்க."

ஓடெல் போர்வைக்குள்ளிருந்து இன்னொரு உறையை எடுத்து நீட்டினார். ஏற்கெனவே ஒட்டி, தபால்தலையும் வைத்திருந்தது. நடுவில் ஸ்டோக்ஸ் முடிதிருத்தகத்தின் முகவரி. இடது மூலையில் டைப் அடித்த பெயர், ஹாலரன்.

கோரின் அந்தப் பெயரை இரண்டு முறை படித்தார்.

"ஆகஸ்ட்ல போட்டுடு, கோரின்," என்றார் ஓடெல். "இந்தத் தடவை அந்த ரெண்டு கேள்விக்கும் பதிலை நேத்தே எழுதிட்டேன்."