நடந்து வாங்கக்கா

"பெஞ்சுல உக்காந்த மாதிரி ஒண்ணு எடுத்தா போதும்மா" என்றார் கணவர்.

போட்டோக்காரிக்குச் சுருக்கென்றது.

"அதுக்குப் போனே போதுமே சார், நான் எதுக்கு?"

தொழில் வட்டாரத்தில் அவளுக்கு 'இன்னொண்ணு' என்று பட்டப்பெயர். எத்தனை எடுத்தாலும் கடைசியில் ஒரு விரலைத் தூக்கி "இன்னொண்ணு" என்பாள். ஒப்புக்கு ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

இவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். கூடத்துச் சுவரில் மாட்ட ஒரு நல்ல படம் வேண்டும் என்று வெளியூரிலிருக்கும் மகள் சொல்லி ஏற்பாடு செய்திருந்தாள். போட்டோக்காரி பூங்காவுக்கு வந்தபோதே இருவரும் ஒரு மரத்துக்குச் சற்றுத் தள்ளியிருந்த பெஞ்சில் அமர்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் கணுக்கால் மறைய நீல உடை உடுத்தியிருந்தாள். கைகள் மடியில் இருந்தன.

உட்கார வைத்து நாலு படம் எடுத்தாள். நாலும் அடையாள அட்டைக்குத்தான் ஆகும்.

மணி ஐந்தேகால். மரத்துக்குப் பின்னால் சாய்ந்த வெயில் புல்மேல் நீளமாகக் கிடந்தது. இன்னும் இருபது நிமிஷம் நிற்கும். அப்புறம் காலில் விழுந்து கெஞ்சினாலும் வராது.

"அக்கா, முதல்ல நீங்க மட்டும் மரத்துக்கிட்ட நில்லுங்க. நான் அங்க புல்லுல படுத்துக்கறேன். என்னைப் பார்த்து மெதுவா நடந்து வாங்க. அவ்வளவுதான்."

கணவரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நடக்கறதா..." என்று ஆரம்பித்தார் அவர். அந்த அம்மாள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மரம் வரைக்கும் தோளோடு தோள் ஒட்டியே போனார்கள். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் இப்படி ஒரு நெருக்கமா என்று போட்டோக்காரிக்குச் சிரிப்பு வந்தது.

"கையை விட மாட்டீங்களா சார்? நீங்க படத்துல விழறீங்க. இதைப் பிடிங்க."

வெளிச்சத்தைத் திருப்பிவிடும் வெள்ளித் தட்டை அவர் இரண்டு கைகளிலும் திணித்து ஓரமாக நிறுத்தினாள். ஒன்பது பத்து அடி தள்ளி, சட்டை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் குப்புறப் படுத்தாள்.

அந்த அம்மாள் மரத்தில் ஒரு கையை ஊன்றி நின்றாள். நெடுநேரம் நின்றாள். தட்டு நடுங்கியது. அதிலிருந்து திரும்பிய வெளிச்சம் அவள் முகத்தில் தண்ணீர் போல அலைந்தது.

"ஆட்டாம பிடிங்க சார்!"

கை மரத்தை விட்டது.

போட்டோக்காரி இதுவரை ஆயிரம் பேரை நடக்க வைத்திருப்பாள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் கேமராவுக்காகவே நடந்தார்கள். வயிற்றை எக்கி, தாடையைத் தூக்கி, சிரிப்பை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொண்டு.

இவள் அப்படி நடக்கவில்லை. கேமரா அங்கே இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அந்த ஓர் அடிக்குள் முழு உடம்பும் இருந்தது. அது முடிந்ததும் அடுத்த அடிக்குள் போனது. கலைந்த முடியின் விளிம்பெல்லாம் பின்வெயிலில் பற்றிக்கொண்டது. உதடு எதையோ முணுமுணுத்தது. நாலாவது அடியில் தரையை விட்டுக் கண்ணை நிமிர்த்தினாள்.

அந்த முகத்தைப் போட்டோக்காரி அதற்கு முன் எந்த மனிதரிடமும் பார்த்ததில்லை. பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. உலகம் அப்போதுதான் அவளுக்குத் திறந்துவிடப்பட்டது போலிருந்தது.

பதினாலு படம் எடுத்தாள். பதினைந்தாவதற்கு விரல் அசையவில்லை. புல்லரித்துப்போய் மண்டியிட்டு எழுந்தாள். அதற்குள் அந்த அம்மாள் வந்து சேர்ந்து, இரண்டு கைகளையும் அவள் தோள்களில் பொத்தென்று ஊன்றினாள். கனமான கைகள். வியர்வையில் நனைந்திருந்தன.

கணவர் தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்து மனைவியை அணைத்துக்கொண்டார்.

போட்டோக்காரி ஒரு விரலைத் தூக்கினாள். பழக்கம் விடுமா?

"அக்கா, இன்னொண்ணு. இப்ப அப்படியே திரும்பி, மரத்தைப் பார்த்து."

"வேணாம்மா, போதும்" என்றார் கணவர் பதறி.

"விடுங்க, கேக்கறா இல்ல" என்றாள் மனைவி. "நீங்க தள்ளி நில்லுங்க."

திரும்பி நடந்தாள். அவளுடைய நிழல் புல்மேல் நீண்டு வந்து லென்ஸைத் தொட்டது. சட்டத்துக்குள் ஒரு முதுகு, ஒரு மரம், ஒரு சூரியன். வேறொன்றும் இல்லை. இவ்வளவு நிறைந்த படத்தை அவள் எடுத்ததே இல்லை.

அந்த அம்மாள் மரத்தைத் தொட்டாள். கணவர் பிடித்துக் கூட்டிப்போக, பெஞ்சில் சாய்ந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது, சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து போட்டோக்காரி படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தபோது, சரளைக்கல் பாதையில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது.

கணவர் காரிலிருந்து சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கன்னம் ஈரமாக இருந்தது. துடைக்கவும் இல்லை.

"விபத்து நடந்து ரெண்டு வருஷம் ஆச்சும்மா. பயிற்சியில கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. பிடிக்காம ஓரடி வெச்சதில்ல."

"போக ஒன்பது, வர ஒன்பது" என்றாள் மனைவி. "எண்ணிக்கிட்டேதான் வந்தேன்."

போட்டோக்காரி கேமராவை மடியில் வைத்தாள்.

"ஐயோ, ஏங்க்கா முதல்லயே சொல்லல?"

அந்த அம்மாள் நாற்காலியின் கைப்பிடியை எட்டிப் பிடித்தாள்.

"சொல்லியிருந்தா நீயும் என்னை உக்கார வெச்சேதானம்மா எடுத்திருப்பே?"