ஒன்று அதிகம்

"இருபத்தொண்ணு வருது டாக்டர். நாம வச்சது இருபதுதான்!"

ஊசியும் நூலுமாக வயிற்றைத் தைக்கத் தயாராய் நின்ற சர்ஜன் நிமிர்ந்தார். "சரியா எண்ணினீங்களா சிஸ்டர்?"

"மூணு தடவை எண்ணிட்டேன்."

ரத்தம் ஒற்றிய துணிகளை ஐந்தைந்தாகப் பரப்பி வைத்திருந்தாள் நர்ஸ். அந்தத் தியேட்டரில் அவளுக்குக் 'கணக்கு டீச்சர்' என்று பெயர். ஒரு துணி குறைந்தாலும் தைக்க விடமாட்டாள், யார் கத்தினாலும் சரி. இன்றைக்கு என்னடாவென்றால் கூடிவிட்டது!

"அம்மா தாயே, கூடினா நல்லதுதானே? உள்ளே எதுவும் இல்லைன்னு அர்த்தம்" என்று அலுத்துக்கொண்டார் மயக்க மருந்து டாக்டர்.

"நல்லா இருக்கே நியாயம்! ஆரம்பக் கணக்கு தப்புன்னா, இருபத்திரண்டு கூட வச்சிருக்கலாமே சார்? அப்ப ஒண்ணு உள்ளேதானே இருக்கும்?"

சர்ஜனுக்குத் தலை சுற்றியது. ஸ்கேனில் கட்டி என்றார்கள். திறந்தால் சீழாகக் கொட்டியது. ஒற்றி ஒற்றி எடுத்ததுதான் மிச்சம், கட்டியைக் காணோம். நோய் இன்னதென்று தெரியாமலே மூடுகிறோமே என்று ஏற்கெனவே அவர் மனசு அடித்துக்கொண்டிருந்தது. வெளியே நோயாளியின் கணவன் மூன்று மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "மோசமான கட்டியா டாக்டர்? அவ இல்லாம இதை நான் எப்படி வளர்ப்பேன்?" என்று அழுத அழுகை வேறு காதிலேயே நின்றது.

நர்ஸ் குப்பைக்கூடையைக் கவிழ்த்துக் காலி உறைகளை எண்ணினாள். நான்கு. உறைக்கு ஐந்து துணி. இருபதேதான். பிறகு துணிகளை ஒவ்வொன்றாக அலசினாள். ஒன்றை மட்டும் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"டாக்டர், இதைப் பாருங்களேன்!"

சர்ஜன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கணக்கு டீச்சர், நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்" என்றார். வயிற்றை இன்னொரு முறை நன்றாகத் துழாவிப் பார்த்துவிட்டு, நிதானமாகத் தைத்து முடித்து வெளியே வந்தார்.

குழந்தையோடு ஓடிவந்தான் கணவன். "கட்டியை எடுத்துட்டீங்களா டாக்டர்?"

"கட்டியே இல்லை தம்பி! உங்க வீட்டுக்காரிக்கு இனி ஒரு பயமும் இல்லை."

"அப்ப ஸ்கேன்ல தெரிஞ்சது?"

சர்ஜன் குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். "இவ பிறந்தன்னிக்கு ஆபரேஷன் பண்ணின ஆஸ்பத்திரியில, ஒரு துணியை எண்ணாம உள்ளேயே வச்சுத் தைச்சு அனுப்பிட்டாங்க."